பொட்டு வைத்த ஸ்கேனர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதச் சொன்னதால் மாட்டிக்கொண்டேன்.

நான் எட்டாவது வரை போனவள். வில்லியனூரில் ஒரே ஸ்டூடியோவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். முதலில் நெகட்டிவ் கழுவினேன். கழுவ ஆள் வேண்டாம் என்று ஆனதும் ஸ்கேனருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். வேலையை விடும் வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மிஷினைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆகையால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. மிஷின் ஓடாத நான்கு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

ஃபிலிம் ஸ்கேனரைப் பார்க்காதவர்களும் உங்களில் இருப்பீர்கள். எங்களுடையது இரண்டு செங்கல்லை அடுக்கி வைத்த அளவு. முன்னால் ஒரு வாய். நெகட்டிவ் துண்டை வாயில் கொடுத்தால் இழுத்துக்கொள்ளும். படம் கம்ப்யூட்டரில் வரும். ஓரத்தில் ஒரு பச்சை லைட். நின்று எரிந்தால் நலம். சிமிட்டினால் நலமில்லை. எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அது ஆயுத பூஜை நாள், திங்கட்கிழமை. அன்று எங்கள் ஸ்டூடியோவில் எந்த மிஷினும் ஓடாது. காலையிலேயே எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ போட்டு வரிசையாக வைத்துவிடுவோம். கேமரா, லைட், கம்ப்யூட்டர், ஸ்கேனர், கத்தரிக்கோல், முதலாளியின் ஸ்கூட்டர். பொட்டு வைத்த பிறகு மறுநாள் மறுபூஜை முடியும் வரை எதையும் இயக்கக்கூடாது. ஸ்கூட்டருக்கு மட்டும் விலக்கு உண்டு. முதலாளி அதில்தான் பொரி வாங்கப் போவார்.

பதினோரு மணி இருக்கும். ஒரு அம்மா வந்தாள். குருவிநத்தம் பக்கம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பேர் பூங்காவனம். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

"தங்கச்சி, பழைய போட்டோ கெடைக்குமா?"

"எவ்ளோ பழசுக்கா?"

"மந்திரி வந்து பட்டா குடுத்தாரே, அப்ப எடுத்தது. உங்க கடக்காரருதான் வந்து எடுத்தாரு. மஞ்ச சட்ட போட்டுக்கினு."

மஞ்சள் சட்டை எங்கள் முதலாளிதான். அப்போது அவருக்குத் தொப்பை கிடையாது.

அவள் கதை இதுதான். அவள் வீடு இருக்கும் தெருவை அகலப்படுத்துகிறார்கள். பட்டா இல்லாத வீடுகளை இடிக்க நோட்டீஸ் வந்துவிட்டது. அவளிடம் பட்டா இருந்தது. ஆற்று வெள்ளத்தில் பெட்டியோடு போய்விட்டது. ஆபீசில் போய்ச் சொன்னாள். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எல்லா ஆபீசும் அதே ஆபீஸ்தான்.

"நம்பரைச் சொல்லு, நகல் தரேன்னாரு. நம்பரு எங்க சார் இருக்கும்னேன். பட்டாவுல இருக்கும்னாரு. பட்டாதான் சார் தொலஞ்சி போச்சின்னேன். அதுக்குத்தான் நகல் வாங்கிக்கோ, நம்பரைச் சொல்லுன்றாரு."

"பேரை வெச்சித் தேட மாட்டாங்களா?"

"ரிஜிஸ்தர் நம்பர் வரிசையில கிதாம். பேர் வரிசையில இல்லியாம். மூணு வாட்டி நடந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அன்று நம்பர் சொல்லவில்லை என்றால் அடுத்த வாரம் மிஷின் வரும். ஸ்கேனர் இல்லை. இடிக்கிற மிஷின்.

பட்டா கொடுத்த அன்று காகிதத்தை கேமராவுக்கு விரித்துக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்களாம். அது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நம்பர் அந்தப் படத்தில் இருக்கும் என்று அவளாகவே யோசித்து வந்திருக்கிறாள். படித்தவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பிய பிறகு, படிக்காதவள் கண்டுபிடித்த வழி அது.

எங்கள் அலமாரியில் விழா வாரியாக உறை போட்டு வைத்திருந்தேன். அரை மணியில் நெகட்டிவ் கிடைத்தது. ட்யூப்லைட்டில் பிடித்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேடை தெரிந்தது. மந்திரி தெரிந்தார். இவள் கையில் காகிதம் தெரிந்தது. எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஓடியது. படிக்க முடியவில்லை. ஸ்கேனரில் போட்டுப் பெரிதாக்கினால் தெரியும். பத்து நிமிட வேலை.

ஸ்கேனர் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு மாலையே போட்டிருந்தோம்.

"பொட்டு வெச்சாச்சிக்கா. இன்னிக்கி இயக்கக் கூடாது. நாளைக்கி மறுபூஜ முடிஞ்சி எடுத்து வெக்கறேன். புதன்கெழம வாங்க."

அவள் ஸ்கேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழம தேதி தங்கச்சி."

"புதன்கெழம வந்தா புதன்கெழமையே கையில குடுத்துடறேன்."

"சரி" என்று போய்விட்டாள்.

உங்களுக்குச் சொல்ல வந்த முதல் விஷயம் இதுதான். அவளுக்கு நான்கு நாள் இருந்தது. எனக்குப் பத்து நிமிட வேலை இருந்தது. நான் விதியைப் பிடித்துக்கொண்டேன். விதி சுலபம். யோசிக்க வேண்டியதில்லை. ஆபீசில் அவளுக்கு நம்பர் கேட்டவரும் அதைத்தான் செய்தார். அவரைப் பற்றி அவள் சொன்னபோது உச்சுக்கொட்டியவள் நான். அடுத்த அரை மணியில் நானும் ஒரு ஆபீஸ் ஆகிவிட்டேன்.

மதியம் முதலாளி ஆட்டோவில் வந்து இறங்கினார். புதுக் கம்ப்யூட்டர். பூஜைக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபராம். பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி.

"பழசுல ஸ்கேனர் ஓடுதுங்களே" என்றேன்.

"இதுல அதவிட நல்லா ஓடும். இது புதுசு, சரோஜா" என்றார்.

முதலாளிக்குப் புதுசு என்ற சொல்லின் மேல் பெரிய நம்பிக்கை. கூட வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் பழையதை மாலையோடு தூக்கி ஆட்டோவில் வைத்தார். அதைப் பொட்டும் மாலையுமாக வழியனுப்பினோம். பார்த்தவர்கள் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். பொட்டு வைத்ததை இயக்கத்தான் கூடாது, விற்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விஜயதசமி. மறுபூஜை முடிந்தது. புதுக் கம்ப்யூட்டரில் முதல் வேலையாக ஒரு பிள்ளையார் படம் பிரிண்ட் எடுத்தோம். பிள்ளையார் நன்றாக வந்தார். அடுத்து ஸ்கேனரைச் சொருகினேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கல்யாண வீட்டில் ஏழைச் சொந்தம் வந்து நிற்பது போல நின்றது ஸ்கேனர். பச்சை லைட் சிமிட்டியது.

முதலாளிக்கு ஒரு மருமகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. முதலாளி அவரை வீடியோவில் கூப்பிட்டார்.

"மாமா, அப்டேட் போடுங்க."

போட்டோம். அப்டேட் வட்டமாகச் சுற்றியது. மதியம் சாப்பிட்டு வந்தோம். சுற்றியது. டீ குடித்தோம். சுற்றியது. ஐந்து மணிக்கு முடிந்தது. பிள்ளையாரை பிரிண்ட் எடுத்த பிரிண்டரும் இப்போது வேலை செய்யவில்லை.

"அப்டேட் ஆயிட்டுது பாருங்க" என்றார் மருமகன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கே பூங்காவனம் வந்துவிட்டாள். மடியில் நோட்டீசை மடித்து வைத்திருந்தாள். படம் எடுக்கிற ஸ்டூலில் உட்கார வைத்தேன். நோட்டீசை எடுத்துப் பார்ப்பாள், மடிப்பாள், மறுபடி எடுப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எடுத்துப் பார்த்தால் தேதி தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

மருமகன் அன்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஸ்கேனர் மிகவும் பழையது. செய்த கம்பெனியே அதைக் கைவிட்டுவிட்டது. புதுக் கம்ப்யூட்டருக்கு அதோடு பேசத் தெரியாது. புதிது ஆர்டர் போடுங்கள், மூன்று வாரத்தில் வரும்.

"மூணு வாரம் ஆகுமாம்மா. பொறுத்துக்கறியா?" என்றார் முதலாளி.

"நான் பொறுத்துக்குவேங்க. வூடு பொறுத்துக்குமா?" என்றாள் பூங்காவனம்.

முதலாளி கெட்டவர் இல்லை. உடனே கடைக்காரருக்குப் போன் போட்டார், பழையதைத் திருப்பிக் கொடு என்று. அது செவ்வாய்க்கிழமையே பாகம் பாகமாகப் போய்விட்டதாம். "மாலை மட்டும் இருக்குது, வேணுமா?" என்று கேட்டாராம். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

நான் நெகட்டிவை ட்யூப்லைட் முன்னால் பிடித்து செல்போனில் எடுத்துப் பார்த்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் கொசு அடித்த கறை மாதிரி ஒன்று வந்தது.

அப்போது முதலாளிக்கு ஒரு எண்ணம் தோன்றியது. திருஷ்டி. பூஜையன்று யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். எலுமிச்சம்பழம் அறுத்தார். ஸ்கேனருக்குச் சுற்றிப் போட்டார். போதாது என்று குங்குமத்தைக் குழைத்து, நான் வைத்த பொட்டுக்கு மேலேயே இன்னொரு பொட்டு, பெரிதாக, அழுத்தி வைத்தார். லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கி வரட்டா?" என்றாள் பூங்காவனம்.

"வாங்கக்கா."

"வந்தா இருக்குமா?"

"வாங்கக்கா" என்றே திரும்பவும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடை பாயிடம் போனேன். எங்கள் தெருக்கோடியில் கடை. அவருடைய ஜெராக்ஸ் மிஷின்களை அவரேதான் பிரிப்பார், அவரேதான் மாட்டுவார். மருமகன் சொன்னதையெல்லாம் சொன்னேன். பாய் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கரண்ட்டு போட்டா சத்தம் வருதாக்கா?"

"வருது பாய். உர்ருன்னு."

"அப்ப உசுரு இருக்குது. காலையில வரேன்."

வியாழக்கிழமை காலை பாய் ஒரு பென்டிரைவோடு வந்தார். கம்பெனிகள் கைவிட்ட ஸ்கேனர்களுக்கென்றே எங்கோ ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதி வைத்த சாஃப்ட்வேர் இருக்கிறதாம். அதை ஏற்றினார். புதுக் கம்ப்யூட்டர் முதல் முறையாக ஸ்கேனரின் பேரைத் திரையில் எழுதியது. முதலாளி கைதட்டினார். கற்பூரம் எங்கே என்று தேட ஆரம்பித்தார். நான் ஒளித்து வைத்துவிட்டேன்.

நெகட்டிவைக் கொடுத்தேன். இழுத்தது. துப்பியது. திரையில் ஏதோ பிழை என்று வந்தது. மறுபடி கொடுத்தேன். துப்பியது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். மருமகன் போனில், அந்த பென்டிரைவ் சாஃப்ட்வேர்தான் காரணம் என்றார். பாய், சாஃப்ட்வேர் சரிதான், வயரில் கோளாறு என்றார். முதலாளி, கரண்ட்டு லோ வோல்டேஜ் என்றார். வழியில் போனவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, வைரஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். ஸ்கேனரை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

மதியம் மூன்று மணி. பாய் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று உருவினார். வேறு வயர் எடுக்கத் தன் கடைக்குப் போனார். ஸ்கேனர் தனியாக இருந்தது. கரண்ட்டு மட்டும் உண்டு. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

லைட் அப்போதும் சிமிட்டியது.

கம்ப்யூட்டரே இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் எப்படிக் குற்றவாளி ஆகும்? செவ்வாய்க்கிழமையே இந்த வயரை ஒரு தடவை உருவிப் பார்த்திருக்கலாம். நான் உருவவில்லை. பழசும் புதுசும் சேராது என்று ஒரு படித்தவர் சொன்னார். சொன்னதும் அது எனக்கும் வசதியாக இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கோளாறும் இருந்தது. பாய் அதைச் சரிசெய்தார். ஒரு கோளாறு கண்டுபிடித்துவிட்டால் இன்னொன்றைத் தேட மனசு வராது. நீங்களும் இதில் மாட்டுவீர்கள்.

குனிந்து ஸ்கேனரின் முகத்துக்கு நேராகப் போனேன். மூன்று நாளாகச் சூடேறி இருந்தது. உள்ளேயிருந்து சந்தன வாசனை வந்தது.

வருடா வருடம் பொட்டை ஸ்கேனரின் தலையில் வைப்பேன். அந்த வருடம் தலையில் பூச்சரம் இருந்தது. அதனால் வாய்க்கு மேலே வைத்தேன். பன்னீர் கொஞ்சம் கூடிவிட்டது. சந்தனம் வழிந்து உள்ளே போயிருக்கிறது. போன இடத்தில் காய்ந்து, வெளிச்சத்தைப் பார்க்கிற கண்ணை அடைத்துவிட்டது. அதற்கு மேல் முதலாளியின் குங்குமம். மிஷின் கண்ணைத் திறந்து பார்த்திருக்கும். சிவப்பாக இருந்திருக்கும்.

முதலாளியிடம் சொன்னேன்.

"நான் வெச்ச பொட்டுதாங்க. உள்ள வழிஞ்சிடுச்சி."

"பொட்டு வெச்சா மிஷின் கெடுமா? நீ இன்னா பேசற?"

"கெட்டிருக்குதுங்க."

"அப்ப இத்தினி வருஷம் வெச்சமே?"

"இத்தினி வருஷம் நெத்தியில வெச்சோம். இந்த வருஷம் கண்ணுல வெச்சிட்டேன்."

பூங்காவனம் ஸ்டூலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். அக்கா, கம்ப்யூட்டர் மேல மட்டும் தப்பில்ல. மிஷினுக்கு நான் வெச்ச பொட்டும்தான் உங்கள மூணு நாளு நடக்க வெச்சிது.

அவள் புருஷன் செத்து ஆறு வருடமாம். அதை அப்போதுதான் சொன்னாள்.

"எனுக்கு அழிச்சாங்க. அதுக்கு வெச்சீங்களா? சரி, அதும் வேண்டாம்னுதான் சொல்லுது போல. தொடச்சி உடு தங்கச்சி."

துடைத்தேன். எப்படித் துடைத்தேன் என்று எழுதினால் யாராவது படித்துவிட்டுத் தன் மிஷினைப் பிரிப்பீர்கள். வேண்டாம். ஒரு மணி நேரம் ஆனது. பஞ்சு ஆரஞ்சு நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. பாய் டார்ச் பிடித்தார். முதலாளி வெளியே போய் நின்றுகொண்டார். சாமிக்குத்தம் ஆகிவிடுமோ என்று பயம்.

கரண்ட்டு போட்டேன். லைட் சிமிட்டியது. பிறகு நின்று எரிந்தது.

படம் திரையில் மேலிருந்து கீழே மெல்ல இறங்கியது. முதலில் பந்தல். பிறகு மந்திரியின் தலை. பக்கத்தில் அதிகாரிகள், மைக், மாலைகள். நடுவில் பூங்காவனம். வயசுப்பெண். கருப்பாக, நெடுநெடுவென்று, முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு கையாலும் பட்டாவை விரித்துப் பிடித்திருந்தாள்.

தலைகீழாக.

எழுதப் படிக்கத் தெரியாதவள் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தது அதிசயமில்லை. மேடையில் ஏழெட்டுப் பேர் படித்தவர்கள். பட்டாவைக் கையில் கொடுத்தவர் மந்திரி. படம் எடுத்தவர் எங்கள் முதலாளி. ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்பரைப் பெரிதாக்கினேன். நான்கு இலக்கம். மூன்று தெளிவாக இருந்தது. கடைசி இலக்கத்தின் மேல் அவள் கட்டைவிரலின் நிழல். மூன்றா எட்டா தெரியவில்லை.

"மூணுதான் அது" என்றார் முதலாளி. உள்ளே வந்துவிட்டிருந்தார். "கொஞ்சம் கருப்பு ஏத்தி மூணாக்கிடு. அந்த நம்பரை மட்டும் வெட்டி, நேரா திருப்பி, பெருசா பிரிண்ட் போட்டுக் குடு. பார்க்க நீட்டா இருக்கும்."

அது இரண்டு நிமிட வேலை. முகத்தில் இருக்கிற தழும்பை எடுத்திருக்கிறேன். வராத சித்தப்பாவைக் கல்யாணப் படத்தில் நிற்க வைத்திருக்கிறேன். ஒரு கோடு போட எனக்குக் கைவராதா? அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுடேன் தங்கச்சி" என்றாள்.

"இது மூணுன்னு எனக்குத் தெரியலக்கா."

"அவரு சொல்றாரே?"

"அவரு படம் எடுக்கும்போதே பார்க்கலக்கா."

முதலாளிக்குக் கோபம். மூன்று நாளை வீணாக்கியது நான், இப்போது நியாயம் பேசுகிறேன் என்றார். அது உண்மை. ஆனாலும் கோடு போடவில்லை. படத்தை வெட்டவும் இல்லை, திருப்பவும் இல்லை. மேடையோடு, மந்திரியோடு, முழுதாக பிரிண்ட் எடுத்தேன். பாய் கடை பிரிண்டரில்தான். எங்களுடையது இன்னும் அப்டேட் ஆகிக்கிடந்தது.

உங்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, இந்த எழுத்தை மட்டும் கொஞ்சம் தெளிவாக்கு என்பார்கள். நல்லவர்கள்தான் சொல்வார்கள். கஷ்டப்படுகிறவர்களுக்காகத்தான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிந்ததைப் பெரிதாக்குவது நம் வேலை. தெரியாததைத் தெரிந்ததாக்குவது வேறு தொழில். அதற்கு வேறு இடத்தில் ஆள் எடுக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நானும் அவளோடு போனேன். நெகட்டிவையும் உறையோடு எடுத்துக்கொண்டேன். பதினோரு மணி விசாரணை பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. அவள் என் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது.

ஆபீசர் படத்தை வாங்கினார்.

"இது கம்ப்யூட்டர்ல பண்ணதுதானே? இதெல்லாம் எப்பிடிம்மா நம்பறது?"

நெகட்டிவை நீட்டினேன். "இதுலேர்ந்து எடுத்தது சார். வெளிச்சத்துல பாருங்க."

ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார். ஒன்றும் தெரிந்திருக்காது. "ம்ம், சரிதான்" என்றார்.

"நம்பர் எங்க?"

"காயிதத்துல சார்."

"தலைகீழா இல்ல இருக்குது? நேரா திருப்பி பிரிண்ட் போட்டா இன்னா?"

"திருப்பினா மேல இருக்கறவங்க தலைகீழா ஆயிடுவாங்க சார்."

மேலே இருக்கிறவர்கள் யார் என்று அப்போதுதான் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்தார். உட்கார்ந்த வாக்கில் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, படத்தைத் தானே மெதுவாகத் திருப்பினார்.

"கடைசி நம்பர் மூணா?"

"மூணோ எட்டோ சார். எனக்குத் தெரியல. ரெண்டையும் பார்த்துடுங்க."

"தெரியலன்னா எப்பிடி?"

"தெரிஞ்சா மாதிரி சொல்லலாம் சார். தப்பாப் போனா இவங்க வூடு போயிடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரிஜிஸ்தர் வந்தது. கிளார்க் விரலால் வரிசையைத் தேய்த்துக்கொண்டே போனார். மூன்றில் முடிகிற நம்பர் வேறு யாரோ ஒருவருடையது. இன்னொரு ஊர். கிளார்க் எச்சில் தொட்டு ஒரு பக்கம் புரட்டினார். எட்டில் நிறுத்தினார். கையெழுத்து மங்கலாக இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பூங்... கா... வனம். புருஷன் பேரு தெய்வசிகாமணி."

"அதான் சார். அதான். எங்க வூட்டுக்காரருதான் சார்."

ஆபீசர் பேனாவை எடுத்தார். நோட்டீசில் ஏதோ எழுதி, அடித்து, கையெழுத்துப் போட்டார். "மொதல்லியே நம்பரைச் சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் அலைஞ்சிருக்க வேணாம்ல?" என்றார்.

"வூடு நிக்குமா சார்?"

"நிக்கும் போம்மா."

அவள் உடனே போகவில்லை. மேசை மேல் இருந்த படத்தையே பார்த்தாள். ஆபீசர் தன் பக்கம் நம்பர் நேராக வரும்படி அதைத் திருப்பி வைத்திருந்தார். அதனால் எங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது படம் சரியாக இருந்தது. பூங்காவனம் நேராக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்ப நல்லாதான் இருந்துகிறேன், இல்ல தங்கச்சி?" என்றாள்.

"இந்தப் படம் ஃபைலுக்கு வேணும்" என்றார் ஆபீசர்.

கிளார்க் அதை வாங்கினார். நம்பர்தான் முக்கியம் என்று, நம்பர் நேராகத் தெரியும்படி வைத்து மூலையில் பின் குத்தினார். அந்த ஃபைலை யாராவது திறந்தால் இன்றைக்கும் நம்பர் நேராகத்தான் இருக்கும். மந்திரியும் அதிகாரிகளும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரிப்பார்கள்.